சுண்டுவிரல் இல்லாத ஒற்றன்

ஆடி 3, சனி

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை, விறகு காயவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தபோது நாகர்கோவில் முதல் பஸ் வந்து நின்ற சத்தம். பத்திரிகைக் கட்டு வந்தாயிற்று.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தங்கையன் அண்ணனின் சாயாக்கடை. சனிக்கிழமை வாரப் பத்திரிகை வந்ததும் அவர் சத்தமாக வாசிப்பார், உதியன்குளங்கரை ஜங்ஷன் முழுக்கக் கேட்கும். பெண்பிள்ளை கடைக்குள் போய் உட்கார முடியுமா? அடுக்களை ஜன்னலில் நின்று கேட்பேன். என் கதையை நான் காதால் கேட்க இந்த ஒரு வழிதான்.

'ஏழுருவ வம்சம்' எழுதுவது நான்தான் என்று தெரிந்தவர்கள் பத்திரிகை ஆசிரியரும் ஜெயிலில் இருக்கிற என் வீட்டுக்காரரும் மட்டும். மற்ற எல்லாருக்கும் 'கோமேதகம்'. சர்க்கார் பள்ளிக்கூட டீச்சர், தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்கிறவர்களின் பத்திரிகையில் எழுதுகிறாள் என்று தெரிந்தால் அன்றைக்கே வேலை போச்சு.

கதையில் ராஜாக்கள் எல்லாரும் உருவம் மாறுகிறவர்கள். மகாராஜா பருந்தாவார், ராஜமாதா கொக்காவாள். சபையில் யார் யாரென்று யாருக்கும் தெரியாது. அதற்குள் ஒரு ஒற்றன், வாமதேவன். எந்த உருவம் எடுத்தாலும் இடக்கைச் சுண்டுவிரல் மட்டும் அவனுக்கு வராது. பூனையானால் முன்காலில் ஒரு நகம் குறைவு. காகமானால் ஒரு கால்விரல் குறைவு. இன்று வந்தது அந்த அத்தியாயம்.

கடையில் கோமேதகம் யார் என்று தர்க்கம். "கொட்டாரத்தில வேலை பாத்த ஆளாக்கும். இல்லாட்டி ராஜாக்களுக்க உள்விஷயம் இப்பிடித் தெரியுமா?" என்றார் தங்கையன் அண்ணன். "வயசாளு. பெரிய மீசை உண்டும்," என்றான் இன்னொருத்தன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அரிசி பாதி களைந்த தண்ணீரோடு போயிற்று.

பிறகு யாரோ மெதுவாக: "அண்ணா, சுண்டுவிரலு இல்லாத ஆளு நம்ம பக்கமும் ஒருத்தன் உண்டுல்லா?"

எனக்குச் சிரிப்பு நின்றது.

வாங்கவேண்டியது: உப்பு, மண்ணெண்ணெய், சிவப்பு மை.

ஆடி 4, ஞாயிறு

கொஞ்சம் வெயில், திரும்பவும் மழை. சைக்கிள் பெல். பத்ரோஸ்.

காஞ்சிரங்குளத்துக்கு மேற்கே கடற்கரைக்காரர். பின்னால் மீன்கூடையைக் கட்டிக்கொண்டு அமரவிளை ஆற்றுப்பாலம் தாண்டி வருவார். எங்கள் வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் மலையாளம், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் "சாறே". அந்தந்த வீட்டுக்கு அந்தந்தப் பேச்சு. நாங்கள் மட்டும் என்ன? நானே பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கிணற்றடிக் கல்லில் வைத்துச் சாளை அரிந்து தந்தார். இடது கையில் நாலு விரல்தான். சின்ன வயசில் கரமடி வலை இழுக்கும்போது கயிறு சுற்றி அறுத்துக்கொண்டு போனதாம். எத்தனையோ வருஷமாக இந்தக் கையைப் பார்க்கிறேன். ஒற்றனுக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்றபோது பேனா தானாக அங்கே போயிற்று. ஆளை நினைக்கவில்லை, கையை மட்டும் நினைத்தேன். தெய்வத்துக்குத் தெரியும்.

"என்னா டீச்சர், கையையே பாக்கியீங்க?"

"கத்தி பட்டுடப் போவுதேன்னு."

"இன்னும் ஒண்ணு போனா இதுக்கொரு அழகாக்கும்," என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். மீன்குழம்பை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஆடி 6, செவ்வாய்

பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகளுக்குப் புது விளையாட்டு. ஒருத்தன் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் விரட்டுவார்கள். பிடித்தால் மொத்து. "நான் வாமதேவனாக்கும்!" என்று கத்திக்கொண்டு என் சேலையில் வந்து மோதினான் ஒருத்தன். காதைத் திருகிவிட்டேன். பாவம், ஏன் என்று அவனுக்குத் தெரியாது.

சாயங்காலம் வேலியோரம் தங்கையன் அண்ணன். முருங்கைக்கீரை தந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி: "டீச்சரே, அது கதை இல்ல பாத்துக்கிடுங்க. நியூஸாக்கும்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. போன வருஷம் கூட்டம் நடக்கும் இடத்தைப் போடக்கூடாது என்று போலீஸ் சொன்னபோது, பத்திரிகைக்காரர்கள் மூட்டுவலித் தைலத்தின் விளம்பரத்துக்குள் இடத்தைப் போட்டார்கள். தைலம் கிடைக்கும் இடம் என்று. ஊரே சரியாகப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து இங்கே யாரும் எதையும் நேராக வாசிப்பதில்லை. மரண அறிவிப்புக்கூட ஏதோ சேதி என்றுதான் நினைப்பு.

"சாரை ஒற்றிக்கொடுத்தவன் ஆருன்னு கோமேதகத்துக்குத் தெரிஞ்சிருக்கு. நேராட்டு எழுதினா பத்திரிகையைப் பூட்டிருவான். அதாக்கும் ராஜா கதைன்னு எழுதுகாரு."

சார் என்பது என் வீட்டுக்காரர். போராட்டத்துக்காகப் போலீஸ் தேட, சித்திரையில் ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஒளிந்திருந்தபோது பிடிபட்டார். இடம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். பத்ரோஸ் அங்கே மீன் கொண்டுபோயிருக்கிறார். ஸ்டேஷனுக்கும் மீன் கொண்டுபோகிறார். இரண்டும் உண்மை.

"கதையைக் கதையாட்டுப் பாருங்க அண்ணா," என்றேன். "டீச்சருக்கு வெளியுலகம் தெரியாது," என்று போய்விட்டார்.

இந்த இரண்டு உண்மைகளையும் நானும் ஒருநாள் சேர்த்துப் பார்த்தேன். வைகாசியில். ஒரே ஒரு நாள். அதனால்தான் பேனா அந்தக் கைக்குப் போனதா? இதை எழுதவே கை கூசுகிறது.

ஆடி 8, வியாழன்

லீவு போட்டுத் திருவனந்தபுரம். ஜெயில். மெலிந்திருக்கிறார், முடி கொட்டியிருக்கிறது. ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டு, காவலாளி தள்ளிப் போனதும் கேட்டேன்: காட்டிக்கொடுத்தது யாராக இருக்கும்?

தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒருத்தனும் இல்ல. நானேதான். ரெண்டு நாளா மழை. ஒரு சாயா குடிக்கணும்னு இருந்துது. ரோட்டுக்கு இறங்கினேன். கடையில போலீஸ்காரன் இருந்து சாயா குடிச்சிட்டு இருக்கான். அவ்வளவுதான்."

சாயா!

"ஊர்ல சொல்லிராத. ஒற்றிக்கொடுத்ததாட்டே இருக்கட்டும். சாயாவுக்கு மாட்டினான்னா சிரிப்பாவ."

கம்பிக்குள் கைவிட்டு ஒரு அறை விடலாமா என்று இருந்தது. சித்திரையிலிருந்து நான் விளக்கு வைத்து, பேர் தெரியாத ஒருத்தன் நாசமாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒருத்தனே கிடையாது. நான் உண்டாக்கினவன் மட்டும்தான் உண்டு.

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களின் இடது கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பைத்தியம் பிடிக்காத குறை.

ஆடி 9, வெள்ளி

தூறல். பத்ரோஸின் கூடையில் பாதி மீன் மீதி. "ஏன் இன்னைக்கு ஓடல்ல?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் விரதமாம்," என்றார். சிரிக்கவில்லை.

மீனுக்கு ஒரு பூனை வந்தது. சாம்பல் நிறம், முன்பு பார்த்ததில்லை. நான் செய்த காரியத்தைக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். அதன் முன்கால் நகங்களை எண்ண முயன்றேன். நிற்காமல் ஓடிவிட்டது.

ஆடி 10, சனி

இந்த வாரம்: வாமதேவன் கொக்காக மாறி ராஜமாதாவின் அருகிலேயே நின்று ரகசியம் கேட்கும் இடம். தங்கையன் அண்ணன் நன்றாகத்தான் வாசிக்கிறார், எழுதினபோது எனக்கே இவ்வளவு பயம் வரவில்லை. வாசித்து முடித்ததும் யாரும் எழுந்து போகவில்லை.

"எலே, ஸ்டேஷனுக்கு மீனு கொண்டு போறது ஆரு?"

"தோட்டத்துக்குக் கொண்டு போனது ஆரு?"

"பேரைச் சொல்லாத மக்கா. பேரு வேண்டாம். அடுத்த வாரம் பாப்போம், கோமேதகம் என்ன சொல்லுகாருன்னு."

அடுத்த வாரம் என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்னாலேயே பாறசாலைத் தபாலாபீசில் போட்டு அனுப்பியாயிற்று. ஜனங்கள் வாமதேவனை ஆற்றங்கரையில் வளைத்துக்கொள்கிறார்கள். அவன் ஒவ்வொரு உருவமாக மாறி மாறிப் பார்க்கிறான். எதிலும் ஒரு விரல் குறைவு. அடித்துக் கொல்கிறார்கள். எழுதி முடித்த அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்! கருப்பட்டி போட்டுக் காப்பி வைத்துக் குடித்தேன்.

ஆடி 12, திங்கள்

தலைவலி என்று லீவு. நாகர்கோவில். அச்சாபீஸ்.

ஆசிரியருக்கு என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "எல்லைப் பக்கத்தில கூடுதலா ஒரு கட்டு கேக்காங்கம்மா, எல்லாம் உங்க கதையாலே." அடுத்த அத்தியாயத்தை நிறுத்துங்கள் என்றேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கதைப் பக்கங்கள் திங்கட்கிழமையே அச்சில் ஓடிவிடுமாம். செய்திப் பக்கம் மட்டும்தான் வெள்ளிவரைக்கும் காத்திருக்கும். மை காயாத தாள்கள் அடுக்கடுக்காக. மேல் தாளிலேயே வாமதேவன் செத்துக் கிடந்தான்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். மனுஷர் நல்லவர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "செய்திப் பக்கத்தில் 'கதை முற்றிலும் கற்பனை' என்று ஒரு கட்டம் போடுங்கள்," என்றேன்.

"போட்டா, உள்ளே என்னமோ இருக்குன்னு நிச்சயம் பண்ணிருவாங்க. நாமதானே அப்படிப் பழக்கினோம்."

போட்டே ஆகவேண்டும் என்று அழுதேன். போடுகிறேன் என்றார்.

திரும்பும்போது குழித்துறையில் ஆறு கரையை முட்டிக்கொண்டு. பஸ்ஸில் எல்லாரும் அதையே பார்த்தார்கள்.

ஆடி 14, புதன்

பத்ரோஸ் வந்தார். மீன் வேண்டாம், ஒரு காரியம் சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"டீச்சர், அந்த விரலு எனக்கதாக்கும், இல்லியா?"

"எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"பூனை எலியை நாலு நகத்தால தலையில அமத்திப் பிடிக்கும்னு எழுதியிருக்குல்லா. நான் மீன் தலையை அப்பிடியாக்கும் பிடிப்பேன். அதைப் பக்கத்தில இருந்து பாத்த ஆளு எழுதினது. தங்கையன் கடையில நின்னு கேட்டப்பமே புரிஞ்சுது."

மன்னிப்புக் கேட்டேன். என்னென்னமோ உளறினேன். அவர் கூடைக்கு மேலே ஓலையை இழுத்து மூடிக்கொண்டு நின்றார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"நல்லா எழுதுறீங்க. எனக்க பெஞ்சாதி திரேசாகிட்ட கதை முழுக்கச் சொன்னேன், அவளுக்கு அந்தக் கொக்கு ராணியை நல்ல இஷ்டம்." பிறகு கேட்டார்: "அவனைக் கொல்லுவீங்களா டீச்சர்?"

"கொன்னாச்சு. அச்சடிச்சாச்சு."

தலையை ஆட்டிக்கொண்டார், மீன்விலை கேட்டதுபோல. சனிக்கிழமை மட்டும் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டேன்.

"வரல்லேன்னா அவன்தானாக்கும்னு ஆயிரும். நான் ஒண்ணும் செய்யல்லியே, எதுக்கு வராம இருக்கணும்? வாறேன் டீச்சர்."

கடைசி 'வாறேன்' விடைபெற்றதா, சனிக்கிழமை வருவேன் என்றதா?

ஆடி 17, சனி

சாயங்காலம். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு, பஸ் வருவதற்கு முன்பே சாயாக்கடைக்குள் போனேன். முதல் தடவை. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். யாரோ பெஞ்சைத் துண்டால் துடைத்தார். நான் உட்காரவில்லை.

"அந்தக் கதையை எழுதுறது நான். கோமேதகம் நான்தான். அது வெறும் கதை. யாரையும் சொன்னதில்லை."

தங்கையன் அண்ணன் முகத்தில் இரக்கம். "டீச்சரு சாரை நினைச்சு உறக்கம் இல்லாம இருக்கு. வீட்டுக்குப் போங்க மோளே."

பின்னாலிருந்து ஒருத்தன் சிரித்தான். "கோமேதகத்துக்கு மீசை உண்டுன்னுல்லா சொன்னாவ!"

அப்போது பஸ் வந்தது. கட்டு வந்து விழுந்தது, சணல் அவிழ்க்கவில்லை. எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. அவிழ்க்காத கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு இந்த வார அத்தியாயத்தின் முதல் வரியைச் சொன்னேன். "ஆறு அன்றைக்கு யாருக்கும் வழிவிடுவதாக இல்லை." அடுத்த வரி. அதற்கடுத்தது. தங்கையன் அண்ணன் சணலை அறுத்துப் பிரித்தார், வாசித்தார். அட்சரம் பிசகவில்லை.

நம்பிவிட்டார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு, ஒரு கணம்தான்.

தங்கையன் அண்ணன் பேப்பரை மடித்தார். கண் கலங்கியிருந்தது. "யாரோ எழுதுகான்னு நினைச்சோம். சாருக்க பெஞ்சாதியே எழுதினதுன்னா, அப்பம் சத்தியமாக்கும். உள்ளுக்க எவ்வளவு வச்சிட்டு இருந்திருக்கு இந்தப் பிள்ளை!"

"இல்லண்ணா! ஒற்றனே கிடையாது. அவரே இறங்கிப் போய் மாட்டினார். சாயா குடிக்கப் போனார்!"

"சாரு சாயாவுக்கா போய் மாட்டுவாரு?" என்று ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தன், "அவன் டீச்சரை மிரட்டியிருக்கான்லே. எப்பவும் கிணற்றடியிலதானே நிக்கான்," என்றான். செய்திப் பக்கத்தில் 'முற்றிலும் கற்பனை' என்ற கட்டத்தை ஒருத்தன் விரலால் தட்டிக் காட்டினான். எல்லாரும் அர்த்தத்தோடு தலையை ஆட்டினார்கள்.

நான் கத்திக்கொண்டே இருந்தேன். பெல் சத்தம் கேட்டது.

ஓடு என்றேன். தொண்டை கிழியக் கத்தினேன், ஓடு பத்ரோஸ். நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதோ? ஓடுகிறவனைத்தானே விரட்டுவார்கள். சைக்கிளைத் திருப்பி அமரவிளைப் பக்கம் மிதித்தார். கடையே காலியாயிற்று. நானும் பின்னால் ஓடினேன், சேலை தடுக்கி விழுந்தேன். மீன் ரோடெல்லாம் கிடந்தது.

ஆடி 18, ஞாயிறு

தங்கையன் அண்ணன் காலையில் வேலியோரம் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு சாத்து சாத்தி விடலாம்னுதான் போனோம் டீச்சர். பாலத்தில ரெண்டு பக்கமும் ஆளு. சைக்கிளைப் போட்டுட்டு ஆத்தில சாடிட்டான். வெள்ளம் அப்பிடிப் போவுது. தலை மேல வரல்ல."

"கொன்னுட்டீங்களே!"

"கடக்கரைக்காரன். நீந்திப் போயிருப்பான்," என்றார். தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. போகத் திரும்பியவர் சொன்னார்: "பிள்ளைய எல்லாம் அவன் மீனாட்டு மாறிட்டான்னு சொல்லுகு."

போலீஸ் வந்தது. யாரும் ஒன்றும் பார்க்கவில்லையாம். நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன், என் புனைபெயர் உட்பட. வேலை போகட்டும். ஏட்டு எழுதிக்கொண்டார். முடிந்ததும் கேட்டார், "அடுத்தது என்னவாகும் டீச்சர்? என் வீட்டிலும் வாசிக்கிறார்கள்."

இன்று யார் வீட்டிலும் மீன் வாசம் இல்லை. தேங்காய்த் துவையல்.

ஆடி 20, செவ்வாய்

மழை இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் அந்த விளையாட்டை இன்னும் விளையாடுகிறார்கள். விரலை மடக்கினவனை இப்போது யாரும் பிடிப்பதில்லை. மீன் மாதிரி நெளிந்து தப்பிக்க வேண்டுமாம்.

மத்தியானம் வாசலில் ஒரு பெண். முண்டும் சட்டையும், கழுத்தில் ஜெபமாலை, காலில் கரைமணல். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அடிக்க வந்திருந்தால் குனிந்து முதுகைக் காட்டியிருப்பேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள்.

"ஆறு கடல்ல சேருத பொழிவரைக்கும் வள்ளத்தில போய்த் தேடிட்டோம். கிடைக்கல்ல."

"திரேசா..."

"அவரு சொன்னாரு, நீங்க எழுதினா அப்பிடியே நடக்குதுன்னு. பூனையை எழுதினீங்க, அவரை ஒற்றன்னு சொன்னாவ. ஆத்தை எழுதினீங்க, ஆத்தில போனாரு." அழவில்லை. வெகு பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். கரை ஏறி வந்தாருன்னு ஒண்ணு எழுதிருங்க. எந்த உருவத்தில ஆனாலும் சரி."

அது அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"எழுதுங்க. நான் முற்றத்தில இருக்கேன்."

தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெயில் சாய்ந்துவிட்டது. அவள் இன்னும் போகவில்லை.